காட்டுப்பன்றிக்குப் பயந்து ஜெயிலுக்குப் போகலாமா?

(பயிர்ச்சேதக் கோரிக்கைகளுக்காக தருமபுரி மாவட்ட மலையடிவார ஊர்களில் நடந்த பிரச்சாரக் கூட்டங்களில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வழக்கமா நம்ம சங்கக் கூட்டம் ராத்திரி எட்டரை மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும். இந்தத் தடவை சாயங்காலம் ஆறரைக்கே மைக்கைப் பிடிச்சிட்டோம். காரணம் உங்களுக்கே தெரியும். எட்டரைக்கு மேல இங்க உட்கார்ந்து கேட்க ஆள் இருக்காது. ஆம்பளைங்க டார்ச்சும் தகர டின்னும் எடுத்துக்கிட்டு பரணுக்குப் போயிடுவீங்க. பொம்பளைங்க வீட்டு வாசல்ல உட்கார்ந்து காட்டுப் பக்கம் காது வச்சிக்கிட்டு இருப்பீங்க. நிலக்கடலை காய் பிடிச்சாச்சு, மரவள்ளி கிழங்கு விட்டாச்சு, மக்காச்சோளம் பால் கட்டியாச்சு. இனிமே நமக்குத் தூக்கம் கிடையாது. அதனால சுருக்கமா பேசிட்டு விட்டுடறோம்.

பன்னியைப் பத்தி நாங்க உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு ராத்திரிக்கு இருபது உருப்படி இறங்கினா ஒரு ஏக்கர் கடலை விடியறதுக்குள்ள உழுத நிலமாயிடும். தின்னது கொஞ்சம், மூக்கால பொரட்டிப் போட்டது அதிகம். ஒரு ஈத்துல நாலு, ஆறு குட்டி போடுது. நாலு மாசம் கூட சினை கிடையாது. ஏரிக்கரையிலயும் ஓடையிலயும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்குது. பகல்ல அதுக்குள்ள படுத்துக்குது, ராத்திரி நம்ம காட்டுக்கு வருது. புலி, சிறுத்தை பயம் இல்லாத இடத்துல அதைத் தடுக்க யார் இருக்கா? பழைய சேலையைச் சுத்திக் கட்டிப் பார்த்தோம். பட்டாசு போட்டோம். தலைமுடி வாங்கித் தூவினோம். டேப் ரெக்கார்டர்ல நாய் குரைக்கிற சத்தம் வச்சோம். ஒரு வாரம் கேட்கும், எட்டாம் நாள் அந்த டேப் பக்கத்துலயே நின்னு கிழங்கு தோண்டும்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போன நேரத்துலதான், நம்ம பையன்கள் சிலர் ஒரு புது வழி கண்டுபிடிச்சிருக்காங்க. அதைப் பத்திப் பேசத்தான் இந்தக் கூட்டம்.

டவுன்ல போய் குருவி சுடற ஏர்கன் ஒன்னு வாங்கறது. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு கடைக்காரர் சொல்வார், அது சரியும்கூட. வாங்கிட்டு வந்து ரெண்டு நாள் சுட்டுப் பார்ப்பாங்க. பன்னி மேல பட்டா ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். உடனே யாராவது ஒருத்தர் சொல்வார்: "ஓட்டை சின்னது, அதான். பட்டறையில கொடுத்து குழலைப் பெருசு பண்ணிக்க. குண்டு பெருசா போகும், பன்னி விழும்." சொல்றவர் பெரும்பாலும் ஒரு பன்னியைக்கூட விழ வச்சிருக்க மாட்டார். செல்போன்ல பார்த்திருப்பார்.

நம்ம சங்கத்து ஊர் ஒன்னுல போன பட்டத்துல நடந்ததை இங்க சொல்றோம். பேர் வேண்டாம். ரெண்டு குடும்பமும் நம்ம உறுப்பினர்கள், ரெண்டு பேரும் இன்னைக்கும் சந்தா கட்டறாங்க.

பையனுக்கு வயசு இருபத்து மூணு. டிகிரி முடிச்சவன். அப்பா இல்லை, அம்மாவும் அவனும்தான். ரெண்டு ஏக்கர் மானாவாரி. முதல் வருஷம் கடலை முழுக்கப் போச்சு. ரெண்டாம் வருஷம் கூட்டுறவு சொசைட்டியில நகையை வச்சு விதை வாங்கினான். அதிலயும் பன்னி இறங்கினதும் அவனுக்குப் பொறுக்கலை. ஏர்கன் வாங்கி, தெரிஞ்ச லேத் பட்டறைக்காரர்கிட்ட கொடுத்து குழலை மாத்திட்டான். ஒரு ராத்திரி பரண்ல இருந்து சுட்டான். பெரிய ஆண் பன்னி. குண்டு பட்டுச்சு. ஆனா விழலை. கத்திக்கிட்டு இருட்டுல ஓடிப்போச்சு. இவன் பன்னி செத்துப்போகும்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டான்.

அது போய்ப் படுத்தது பக்கத்துக் காட்டு மரவள்ளிக்குள்ள. காலையில ஆறு மணிக்கு அந்தக் காட்டுக்காரம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், மாட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாங்க. காயம்பட்ட பன்னி நேரா வந்து அடிச்சிருக்குது. தொடையில கொம்பு ஏறி சதை கிழிஞ்சு எலும்பு தெரிஞ்சுது. அவங்க உயிர் பிழைச்சது பால் ஊத்தப் போன ரெண்டு பேர் சத்தம் கேட்டு ஓடி வந்ததாலதான். நாப்பது நாள் ஆஸ்பத்திரி. இன்னைக்கு வரைக்கும் கோல் ஊனித்தான் நடக்கறாங்க. அந்தக் கோலோடதான் முதல் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில உட்கார்ந்திருந்தாங்க.

பன்னியை வனத்துறை தேடினப்ப அதும் மேல ஈயக்குண்டு காயம் தெரிஞ்சுது. அப்புறம் போலீஸ். ஒரு நாள் விசாரணையில துப்பாக்கி வெளிய வந்தது. பையன் உள்ள, பட்டறைக்காரரும் உள்ள. பட்டறைக்காரர் வாங்கின கூலி சில நூறு ரூபாய். அவருக்கு ரெண்டு பொண்ணுங்க. பட்டறை பூட்டு போட்டபடி கிடந்தது. பையனோட அம்மா ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் கறவை மாட்டையும் ஆடுகளையும் வித்தாங்க. பன்னி தின்ன கடலையோட மதிப்பை விட அந்தக் கறவை மாட்டோட விலை அதிகம்.

இதில எங்க தப்பையும் சொல்லிடறோம். பையன் குழலை மாத்தினது நம்ம கமிட்டியில ரெண்டு பேருக்கு முன்னாடியே தெரியும். "சின்னப் பையன், வயித்தெரிச்சல்ல பண்றான், நாம எதுக்குத் தலையிடணும்"னு விட்டுட்டாங்க. உள்ளுக்குள்ள, பன்னி ஒழிஞ்சா நல்லதுதானேன்னு ஒரு நினைப்பும் இருந்திருக்கும். நாங்க மறைக்கலை. அன்னைக்கே அவன் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியிருந்தா அந்த அம்மா நல்லா நடந்துக்கிட்டிருப்பாங்க. அதனாலதான் இப்ப ஊர் ஊரா வந்து பேசறோம்.

சரி, குழலைப் பெருசாக்கினா பன்னி ஏன் விழறதில்லை? இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. படிக்கிற பசங்க நல்லாவே புரிஞ்சிக்குவீங்க.

ஏர்கன்ல மருந்து கிடையாது. உள்ள ஒரு ஸ்பிரிங், அது தள்ளுற காத்து, அவ்வளவுதான் சக்தி. நீங்க ஓட்டையை எவ்வளவு பெருசாக்கினாலும் ஸ்பிரிங் அதேதான், காத்தும் அதேதான். நாலரை மில்லிமீட்டர் குண்டு அரை கிராம் இருக்கும். அஞ்சரை மில்லிமீட்டர் குண்டு கிட்டத்தட்ட ஒரு கிராம். ஒரே ஆள் அரை மூட்டையையும் தள்ளறான், ஒரு மூட்டையையும் தள்ளறான்னா, பெரிய மூட்டை மெதுவாத்தானே போகும்? அதே கணக்குதான். குண்டு கனமாகுது, வேகம் குறையுது. பன்னி உடம்புல போய்ச் சேர்ற அடி பெருசா கூடறதில்லை.

லைசென்ஸ் இல்லாம விக்கற ஏர்கனுக்கு சட்டம் வச்சிருக்கிற எல்லை 20 ஜூல். ஜூல்னா என்னன்னு கேட்பீங்க. ரெண்டு கிலோ படிக்கல்லை ஒரு மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது இடுப்பு உயரத்துல இருந்து, கீழ போட்டா விழற அடி இருக்கு பாருங்க, அது 20 ஜூல். மருந்து போட்டுச் சுடற பன்னிரண்டு போர் துப்பாக்கியில பெரிய குண்டு போகும்போது ரெண்டாயிரம் ஜூலுக்கு மேல வரும். நூறு மடங்கு. நூறு கிலோ இருக்கிற ஆண் பன்னிக்கு தோள்பட்டையில தோலுக்கு அடியில கேடயம் மாதிரி தடிச்ச சதை இருக்குது. பன்னிங்க தங்களுக்குள்ள சண்டை போட்டுக்கிறதுக்காக இயற்கை கொடுத்தது. அதில போய் இந்தப் படிக்கல் அடியால என்ன ஆகும்? காயம் ஆகும். சாகாது. வெறி பிடிக்கும். இல்லைன்னா பத்து நாள் புழுத்துச் சாகும், நம்ம கிணத்து ஓரத்துல.

சுடறவனுக்கும் ஆபத்துதான். கம்பெனி செஞ்ச குழலை வேற ஒருத்தர் கையை வச்சா நேர் போயிடும், சுவர் மெலிசாயிடும், காத்து கண்ட இடத்துல சீறும். எங்க குறி வச்சீங்களோ அங்க போகாது. ராத்திரி இருட்டு. அடுத்த காட்டுப் பரண்ல இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கார். ஏர்கன் குண்டு நூறு மீட்டர் தாண்டியும் போகும். பன்னிக்கு ஈ கடிச்ச மாதிரி இருக்கிற குண்டு, மனுஷன் கண்ணுல பட்டா கண் போச்சு. குழந்தைக்கு மண்டையில பட்டா உயிரே போகும். பன்னித் தோலும் நம்ம தோலும் ஒன்னு இல்லை.

இப்ப சட்டத்துக்கு வருவோம். "காத்துதானே, மருந்து இல்லையே, அது எப்படி துப்பாக்கி ஆகும்"னு எங்ககிட்டயே கேட்டாங்க. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல துப்பாக்கிக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தைப் படிச்சா, வெடிமருந்தாலயோ வேற எந்த வகைச் சக்தியாலயோ குண்டைத் தள்ளுற எதுவும் துப்பாக்கிதான். காத்தும் ஒரு சக்திதான். 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள்ல சின்ன ஏர்கனுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்காங்க. குழல் ஓட்டை நாலரை மில்லிமீட்டர், அதாவது பாயின்ட் ஒன் செவன் செவன், சக்தி 20 ஜூல். இந்த எல்லைக்குள்ள இருக்கிற வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம். எல்லையைத் தாண்டினா அது லைசென்ஸ் துப்பாக்கி. பட்டறையில ஓட்டையைப் பெருசாக்கின அந்த நிமிஷமே உங்க கையில இருக்கிறது கடையில வாங்கின ஏர்கன் இல்லை, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. கடைக்காரர் கொடுத்த பில்லைக் காட்டித் தப்பிக்க முடியாது.

தண்டனையைக் கேளுங்க. 2019ல மத்திய அரசு இந்தச் சட்டத்தைத் திருத்துச்சு. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா முன்னாடி குறைஞ்சது ஒரு வருஷம்னு இருந்தது, இப்ப குறைஞ்சது ரெண்டு வருஷம், அதிகபட்சம் அஞ்சு வருஷம். அது வச்சிருந்ததுக்கு. அனுமதி இல்லாம துப்பாக்கி செஞ்சாலோ, மாத்தி அமைச்சாலோ, ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையா ஆக்கினாலோ குறைஞ்சது ஏழு வருஷம், ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். இதில பட்டறைக்காரருக்கும் பங்கு உண்டு. "நான் வெறும் கடைசல்தான் பண்ணேன்"னு சொல்லி அவர் வெளிய வர முடியாது. லேத் வச்சிருக்கிற தம்பிகள் இந்தக் கூட்டத்துல யாராவது இருந்தா, உங்ககிட்ட அப்படி ஒரு சாமானைக் கொண்டு வந்தா, கொண்டு வர்றது சொந்த மாமன் மகனா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுங்க. கலப்பைக் கொழுவுக்கும் மோட்டார் ஷாஃப்ட்டுக்கும் உங்களை விட்டா எங்களுக்கு ஆள் இல்லை.

அதோட நிக்கலை. காட்டுப்பன்னி 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. 2022ல அந்தச் சட்டத்தைத் திருத்தினப்ப அதை ரெண்டாம் அட்டவணையில வச்சாங்க. அனுமதி இல்லாம சுட்டா அது தனிக் கேஸ். சில பேர் ஏர்கனால மயிலைச் சுடறாங்க, அதையும் சொல்லிடறோம். மயில் முதல் அட்டவணை. 1963ல இருந்து தேசியப் பறவை. அதைச் சுட்டா குறைஞ்சது மூணு வருஷம். மயில் நம்ம நெல்லையும் தக்காளியையும் அழிக்குது, உண்மைதான். அதுக்கும் ஈடு கேட்போம், ஆனா சுட்டுட்டு வந்து சங்கம் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. காப்பாத்த முடியாது.

துப்பாக்கி வேண்டாம்னா கரன்ட் வைக்கறோம்னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. 2023 மார்ச்ல நம்ம மாவட்டத்துல மாரண்டஅள்ளி பக்கம் பன்னிக்கு வச்ச கம்பியில மூணு யானை செத்துச்சு. ரெண்டு குட்டிங்க தாயைச் சுத்திச் சுத்தி வந்ததை டி.வி.யில எல்லாரும் பார்த்தீங்க. கம்பி வச்சவரும் நம்மளை மாதிரி ஒரு சின்ன விவசாயிதான், கைதானார். எத்தனையோ ஊர்ல அந்தக் கம்பியில செத்தது வீட்டு ஆளுங்களேதான், தண்ணி கட்டப் போனப்ப. அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்னிக்கு வச்சதை மாடு கடிச்சா வாய் சிதறிடும், பால் மாடு போயிடும். அதைத் தொடவே தொடாதீங்க.

அப்படின்னா நாம என்னதான் பண்றது? கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதா? அதுக்காகத்தான் சங்கம்.

பயிரைக் காக்க துப்பாக்கி லைசென்ஸ் கேட்கிற உரிமை ஆயுதச் சட்டத்துலயே இருக்குது. பலருக்குத் தெரியாது. பதிமூணாம் பிரிவைப் பாருங்க. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய் வழியா மருந்து கிட்டிக்கிற துப்பாக்கிக்கு ஒரு குடிமகன் விண்ணப்பிச்சா, தகுதி இருந்தா, அதிகாரி லைசென்ஸ் கொடுக்கணும்னு எழுதியிருக்குது. அந்தத் துப்பாக்கி போதாதுன்னு அவருக்குத் திருப்தி வந்தா வேற வகைக்கும் கொடுக்கலாம்னும் இருக்குது. மறுத்தா காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும். மேல்முறையீடும் உண்டு. நம்ம தாத்தா காலத்துல ஊருக்கு ரெண்டு மூணு லைசென்ஸ் துப்பாக்கி இருந்ததை இங்க வயசானவங்க பார்த்திருப்பீங்க. பெரியவர் செத்ததும் பையன் பேருக்கு மாத்தறதுக்குள்ள செருப்பு தேஞ்சு போச்சு, பல பேர் ஒப்படைச்சிட்டு வந்துட்டாங்க. இருக்கிற ஒன்னு ரெண்டு பேரும் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷன்ல கொண்டு போய் வச்சிட்டு, மாசக்கணக்குல அலைஞ்சு திருப்பி வாங்கறாங்க. அந்தச் சமயம் கடலை காய் பிடிக்கிற சமயமா இருந்தா பன்னிக்குக் கொண்டாட்டம்.

லைசென்ஸ் கிடைச்சாலும் நினைச்ச உடனே பன்னியைச் சுட முடியாது, அதையும் நேர்மையா சொல்லணும். மேல சத்தம் போட்டு விரட்டலாம். சுடணும்னா வன உயிரினச் சட்டத்தோட பதினொன்னாம் பிரிவுப்படி அனுமதி வேணும். மனுஷ உயிருக்கோ நிக்கிற பயிருக்கோ ஆபத்துன்னா அந்த அனுமதியைக் கொடுக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்குது. பக்கத்துல கேரளாவுல 2022ல உள்ளாட்சித் தலைவர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தாங்க. ஊராட்சித் தலைவர் உத்தரவு போட்டா, லைசென்ஸ் வச்சிருக்கிற ஆளுங்க வந்து சுடறாங்க. பீகாருக்கும் உத்தரகாண்டுக்கும் மத்திய அரசு குறிப்பிட்ட பகுதிகள்ல குறிப்பிட்ட காலத்துக்குப் பன்னியை அழிக்கலாம்னே அறிவிச்சது, 2015, 2016ல. ஆகவே சட்டத்துல வழியே இல்லைன்னு யாரும் நமக்குச் சொல்ல முடியாது. இங்க அந்த வழியைத் திறந்து விடறதுக்குத்தான் ஆள் இல்லை.

நம்ம தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில சட்டமன்றத்துல ஒரு அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டு எல்லையில இருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னியை வனத்துறையே சுடலாம். ஒன்னுல இருந்து மூணு கிலோமீட்டருக்குள்ள இருந்தா பிடிச்சு காட்டுக்குள்ள விடணும். ஒரு கிலோமீட்டருக்குள்ளன்னா சுடக் கூடாது. வி.ஏ.ஓ., ஊராட்சி, வனக்காப்பாளர் இவங்களை வச்சு ஊர் மட்டத்துல கமிட்டி. பல வருஷமா போராடினதுக்கு இந்த அளவு வந்ததே நமக்குக் கிடைச்ச வெற்றிதான், நாங்க இல்லைன்னு சொல்லலை. ஆனா கையில மேப்பை வச்சுப் பாருங்க. இந்தக் கூட்டம் நடக்கிற இடத்துல இருந்து காட்டு எல்லை எவ்வளவு தூரம்? நீங்க பீடி பத்த வச்சு அணையறதுக்குள்ள நடந்து போயிடலாம். பன்னித் தொல்லை யாருக்கு அதிகம்? மலையடிவாரத்துக்காரனுக்கு. உத்தரவோட பலன் யாருக்கு? மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்கு. பன்னி அளவுகோல் வச்சுக்கிட்டா வருது? நமக்கு மிச்சம் இருக்கிறது கூண்டு வச்சுப் பிடிக்கிறது ஒன்னுதான். நம்ம ஊர்கள்ல எத்தனை பேர் அந்தக் கூண்டைக் கண்ணால பார்த்திருக்கீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

(எந்தக் கூட்டத்திலும் ஒரு கையும் உயரவில்லை.)

நஷ்டஈட்டுக் கதை இன்னொன்னு. எங்க சங்க உறுப்பினர் ஒருத்தருக்கு ஒன்னரை ஏக்கர் மரவள்ளி போச்சு. மனு கொடுத்தார். போட்டோ கேட்டாங்க, கொடுத்தார். அடங்கல் கேட்டாங்க, கொடுத்தார். பன்னிதான் தின்னதுன்னு எப்படி நிரூபிப்பேன்னு கேட்டாங்க. அவர் விளையாட்டா, "அடுத்த தடவை கையெழுத்து வாங்கி வைக்கறேன் சார்"னு சொல்லிட்டார். மனு அடியில போயிடுச்சு. பதினாலு மாசம் கழிச்சு வந்த தொகையில குச்சி வாங்கின கடனைக் கூட அடைக்க முடியலை. எந்த அலுவலகம்னு இங்க சொல்லலை, உங்களுக்கே தெரியும்.

அந்தப் பையன் கேஸ் விஷயத்துல சங்கம் என்ன முடிவு பண்ணுச்சுன்னு ஒவ்வொரு ஊர்லயும் கேட்கறாங்க. சொல்லிடறோம். கேஸை வாபஸ் வாங்குன்னு நோட்டீஸ்ல போடணும்னு இளைஞர்கள் சொன்னாங்க. கமிட்டியில ரெண்டு மணி நேரம் வாக்குவாதம், ஒருத்தர் எழுந்து வெளியவே போயிட்டார். கடைசியில போடறதில்லைன்னு முடிவாச்சு. கோல் ஊனி நடக்கிற அந்த அம்மா முன்னாடி நின்னுக்கிட்டு, நடந்தது தப்பே இல்லைன்னு எழுத எங்களால முடியலை. ஆனா பையனைக் கைவிடலை. வக்கீல் செலவுல பாதியைச் சங்க நிதியில இருந்து கொடுக்கறோம், முதல் குற்றம், சின்ன வயசு, பயிர் போன கொடுமைன்னு எல்லாத்தையும் கோர்ட்ல எடுத்து வைக்கச் சொல்லியிருக்கோம். அந்த அம்மாவுக்கு வரவேண்டிய நிவாரணத்தை, 'துப்பாக்கிக் காயம் பட்ட பன்னிதானே அடிச்சது, காட்டு மிருகம் தானா வந்து அடிக்கலை'ன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்காங்க. அதைக் கொடுக்கணும்ங்கிறது நம்ம முதல் கோரிக்கை. பன்னியை யார் சுட்டா என்ன, தழை ஒடிக்கப் போன அந்த அம்மா யாரைச் சுட்டாங்க?

அடுத்தது, மலையடிவார ஊர்களுக்கு மூணு கிலோமீட்டர் கணக்கைத் தளர்த்தணும். பட்டா நிலத்துக்குள்ள வந்து பயிரை அழிக்கிற பன்னியை, எல்லைத் தூரம் பார்க்காம, வனத்துறை தன் ஆளை வச்சு அப்புறப்படுத்தணும். கூண்டு ஒவ்வொரு ஊராட்சிக்கும் வேணும். ஊர்க் கமிட்டி கடுதாசியில இருந்தா போதாது, மாசம் ஒரு தடவை கூடி மனு வாங்கணும். சேதம் நடந்து பதினைஞ்சு நாளுக்குள்ள பார்வையிட்டு, அந்தப் பட்டம் முடியறதுக்குள்ள ஈடு கொடுக்கணும். சூரியசக்தி வேலிக்கு மானியமும், அதுக்கான அனுமதியும் ஒரே இடத்துல கிடைக்கணும். 2023ல வந்த வேலி விதிகள்படி பதிவு பண்ணணும்னு சொல்றாங்க, சரி, ஆனா அதுக்கு ஒரு விவசாயி நாலு ஆபீஸ் ஏறக்கூடாது. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி மனுக்களைக் கிடப்புல போடாம முடிவு சொல்லணும், மறுத்தா காரணம் எழுதணும்.

இதில எதுவும் பெரிய ஆசை கிடையாது. இருக்கிற சட்டத்தை நடத்துங்கன்னுதான் கேட்கறோம்.

வீட்டுல மாத்தின ஏர்கனோ, தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியோ வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா, கூட்டத்துல கையைத் தூக்க வேண்டாம். பயந்துக்கிட்டு ராத்திரியில கிணத்துலயோ ஓடையிலயோ போடவும் வேண்டாம், மாடு மேய்க்கிற பசங்க கையில கிடைச்சா அது இன்னொரு ஆபத்து. நம்ம சங்க வக்கீலைத் தனியா பாருங்க. முறைப்படி எப்படி ஒப்படைக்கறதுன்னு அவர் சொல்வார், கூடவும் வருவார். கிளைத் தலைவர்கிட்ட சொன்னா அழைச்சிட்டுப் போவார், பேர் வெளிய வராது.

இனிமே சேதம் நடந்தா செய்ய வேண்டியதையும் சொல்லிடறோம். விடிஞ்ச உடனே காட்டைத் திருத்திடாதீங்க. கால் தடத்தோட, பொரட்டிப் போட்ட செடியோட, போட்டோ எடுங்க. அந்த போட்டோவில பக்கத்து மரமோ கிணறோ தெரியணும், அப்பதான் அது உங்க காடுன்னு சொல்ல முடியும். அன்னைக்கே வி.ஏ.ஓ.வுக்கும் வனத்துறைக்கும் மனு கொடுத்து, நகல்ல தேதியோட கையெழுத்து வாங்குங்க. கையெழுத்து போட மாட்டேன்னா பதிவுத் தபால்ல அனுப்புங்க, ரசீதைப் பத்திரமா வைங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு நம்ம கிளையில எழுதிக் கொடுக்க ஆள் போட்டிருக்கோம், காசு வாங்க மாட்டாங்க.

வர்ற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ் முன்னாடி ஆர்ப்பாட்டம். பன்னி தோண்டின மரவள்ளிக் கிழங்கையும், பொரட்டின கடலைச் செடியையும் மூட்டை கட்டிக் கொண்டு வாங்க. வேற எதுவும் வேண்டாம், கம்பு தடி யாரும் எடுத்துட்டு வரக்கூடாது. பட்டா நகல், சேத போட்டோ, பழைய மனு ரசீது இருந்தா கையோட கொண்டு வரணும். அந்த அம்மா கோல் ஊனிக்கிட்டு முன்னாடி வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பையனோட அம்மாவும் வர்றாங்க. ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிறதில்லை, இருந்தாலும் ஒரே வண்டியில வர்றதா ஒத்துக்கிட்டாங்க.

வண்டி காலையில ஏழு மணிக்குப் பால் சொசைட்டி முன்னாடி நிக்கும். பால் ஊத்திட்டு கேனை அங்கயே வச்சிட்டு ஏறிக்கலாம். தலைக்கு இருபது ரூபாய். மத்தியானச் சாப்பாட்டை அவங்கவங்க கட்டிக்கிட்டு வாங்க. ராத்திரி பரணுக்குப் போற நேரத்துக்குள்ள திரும்பக் கொண்டு வந்து விட்டுடறோம்.